உள்தாழ்ப்பாள் இல்லாத வீடு

பிள்ளைகளா,

சான்றிதழ் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று, பெரியவள் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: "அப்பா, நம்ம நாலு பேரையும் எதுக்கு அங்க சுவத்துல மாட்டி வச்சிருக்காங்க?"

"செத்தவங்களத்தான மாட்டுவாங்க?" என்றான் சின்னவன்.

"அங்க இருந்த வரைக்கும் பாதி செத்துத்தான கெடந்தோம்" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்.

எல்லோரும் சிரித்தோம். பேச்சு அதோடு முடிந்துபோனது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மறுநாள் அங்கே வேலைக்குப் போனபோது, சுவரில் இருக்கிற அந்தப் படப் பலகை முன்னால் போய் நின்றேன். 'மையம் கடந்து வந்த பாதை' என்று தலைப்பு. கட்டடம் திறந்தது, சூரியத் தகடு போட்டது, பெரிய மனிதர்கள் வந்து போனது எல்லாம் படம் படமாக இருக்கிறது. நடுவில் நாம். உங்கள் அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கீழே 'மாதிரிக் குடும்பம்' என்று இரண்டே வார்த்தை.

தினமும் அந்த வழியாகத்தான் மோட்டார் ரூமுக்குப் போகிறேன். ஆனாலும் பெரியவள் சொல்லும்வரை நான் நின்று பார்த்ததில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குள் நாம் எப்படி அடைபட்டுக் கிடந்தோம் என்பது பலகையில் இல்லை. உங்களுக்கும் பாதிதான் நினைவிருக்கும். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். மையத்தின் வரலாற்றைப் படித்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நமக்கு நடந்ததை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி வைக்கிறேன்.

அது முதலில் மையமே இல்லை. வேதியியல் துறைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கழுவுதொட்டி, சுவரில் அலமாரி, கண்ணாடி உடைந்த ஜன்னல். டவுனில் தோல் பதனிடுகிற ஷாப்புகளைச் சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறியபோது, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பேராசிரியர் ஆரம்பித்தது. கிணறுகளுக்கு வழி தெரிந்த ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. என் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தச் சந்துகளில் பிறந்து வளர்ந்தவன் நான். மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதுதான் என் முதல் வேலை.

ஒரு தோல் ஷாப் முதலாளி ஒவ்வொரு தடவையும் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். ஒரு நாள் கேட்டார்: "தம்பி, இம்புட்டு நாளா தண்ணிய எடுத்துட்டுப் போறியளே, என்னைக்காச்சும் நல்ல தண்ணியாத் திருப்பிக் கொண்டாருவீங்களா?"

"சோதிக்கத்தான் பாய் கொண்டுபோறோம்."

"சரி, சோதிங்க. அதுவரைக்கும் டீயைக் குடிங்க. இது வெலைக்கு வாங்குன தண்ணில போட்டது."

பேராசிரியர் ஓய்வு பெற்றார். அறைக்குப் பதிலாகப் பின்வாசல் பக்கம் ஓடு போட்ட கொட்டகை வந்தது. பிறகு சூரிய ஒளி, சாண எரிவாயு என்று வேறு வேறு வேலைகள் வந்தன. 'நீர் ஆய்வுப் பிரிவு' என்பது 'சுற்றுச்சூழல் ஆய்வுத் துறை' ஆனது; அது 'நிலைத்தன்மை ஆய்வு மையம்' ஆனது. பெயர் மாறும்போதெல்லாம் அதே தகரப் பலகையில் பெயின்ட் அடித்து மேலே எழுதினோம். காலை வெயில் சாய்வாக விழும்போது பழைய எழுத்துகள் எல்லாம் புடைத்துக்கொண்டு தெரியும். பஸ் கண்டக்டர்களுக்கு மட்டும் ஒரே பெயர்தான். "சாணி ஆபீசுல்லாம் எறங்கு!" என்று கத்துவார்கள். உள்ளே நாலைந்து பேராசிரியர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்குவார்கள்.

அப்போது வந்த இயக்குநர்தான் அந்த வீட்டைக் கட்டினார். அவர் நல்ல மனிதர். சைக்கிளில்தான் வருவார். எச்சில் தட்டைத் தானே கழுவி வைப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அது மாதிரி வீடு. சுடாத மண் கல்லில் சுவர். கூரைக் காங்கிரீட்டுக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டிகள். ஜன்னலுக்குக் கம்பி இல்லை. பழைய சைக்கிள் ரிம்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். வாசற்கதவு டவுனில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்தது. 'இந்த வீட்டில் புதிதாக வாங்கிய இரும்பு இல்லை' என்று வாசலில் எழுதி வைத்தார்கள். அதுதான் அந்த வீட்டின் பெருமை.

வீடு கட்டினால் போதாது, அதில் ஒரு குடும்பம் வாழ வேண்டும் என்றார் இயக்குநர். எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எவ்வளவு கரண்டு, எவ்வளவு குப்பை என்று அளக்க வேண்டும். நான் அப்போது மோட்டார் ஆபரேட்டர், தினக்கூலி. வாடகை கிடையாது, தினமும் தண்ணீர் வரும் என்றார். டவுனில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்துக் கிடந்தவர்கள் நாம். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துதான் அம்மாவிடம் சொன்னேன்.

போன அன்றே அவள் கதவைப் பார்த்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு தடமும் நாலு ஓட்டையும்தான் இருந்தன. வீட்டை இடித்தபோது யாரோ தாழ்ப்பாளைத் தனியாகக் கழற்றி விற்றிருக்கிறார்கள்.

"பூட்டுக்குப் பேர் போன ஊர்ல பொறந்து, தாப்பாளே இல்லாத வீட்டுக்குக் குடித்தனம் கூட்டிட்டு வந்துருக்கீங்க" என்றாள்.

"ரெண்டு நாள்ல போட்டுருவோம்."

என் வாயால் சொன்ன அந்த ரெண்டு நாள், சின்னவன் நடக்கப் பழகிப் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் நீண்டது.

புதுத் தாழ்ப்பாள் போட முடியாது. புது இரும்பு ஆகிவிடும். மரத்தில் நானே ஒன்று செய்து போட்டேன். வந்த பார்வையாளர் எடுத்த படத்தில் அது தெரிந்தது. மையத்தின் புத்தகத்தில் அச்சடித்த படத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் வரக்கூடாது என்று கழற்றச் சொன்னார்கள். உங்கள் மாமா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். பழைய இரும்புக் குவியலைக் கிளறி, தேய்ந்து வழவழவென்றிருந்த ஒரு தாழ்ப்பாளைக் கொண்டுவந்தார். "மச்சான், இது எங்கப்பனுக்கும் மூத்தது. இதையுமா புதுசும்பாங்க?" என்றார். நான் அதை இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசுதான். ஆனா வீட்ல எந்த மாத்தமும் கமிட்டி பாத்துத்தான் செய்யணும். அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உண்மையச் சொன்னா, இது தெறந்த வீடு. அதான் இதுக்கே அர்த்தம். உள்ள தாழ்ப்பாள் போட்டா அப்புறம் என்ன தெறந்த வீடு?"

அடுத்த கூட்டத்தில் நேரம் இல்லை. அதற்கடுத்த கூட்டத்தில் வேறு பேச்சு. மாமா கொடுத்த தாழ்ப்பாளைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

இரவில் குழவிக்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். பகலில் அதுவும் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் வேண்டுமானாலும் வரலாம். கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து விவசாயிகளைக் கூட்டி வருவார்கள். வெள்ளைக்காரர்களும் வந்திருக்கிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போவார்கள். அம்மா சோறு வடித்துக்கொண்டிருப்பாள். சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு தடவை ஓர் அம்மாள், "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணுதானா? ரொம்ப எளிமை" என்று பாராட்டினார். அம்மா என்னிடம், "மாசக் கடைசியில வந்தா எளிமையாத்தான் இருக்கும். சம்பளத்தன்னைக்கு வரச் சொல்லுங்க, கோழி அடிச்சுக் காட்டுறேன்" என்றாள்.

பெரியவளே, நீ குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உன்னிடம் எத்தனை செம்பு ஊற்றினாய் என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உள் அறைக்கு ஓடினாய். அந்த அறைக்கும் கதவு கிடையாது; சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம். அதற்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாய். அவர் திரையை விலக்கி, இங்கே என்ன என்று பார்த்தார். உன் முதுகைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நீ விடிவதற்கு முன்னால் எழுந்து குளிக்க ஆரம்பித்தாய். யாரும் உன்னை எழுப்பவில்லை.

அம்மா அன்று சொன்னாள்: "செயில்ல வெளிய இருந்து பூட்டுவாங்க. இங்க உள்ள பூட்ட விட மாட்டேங்குறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

காலி செய்துவிட்டுப் போகலாம் என்று நான் இயக்குநரிடம் பேசாமல் இல்லை. அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒரே குடும்பம் தொடர்ந்து இருந்தாத்தான் நாம எடுக்குற அளவெடுப்புக்கு மதிப்பு. நீங்க நடுவுல போனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள நிதி நின்னுரும். நின்னா யாரு மொதல்ல வீட்டுக்குப் போவாங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். தினக்கூலியில் என்னோடு தோட்டக்காரர்கள், துப்புரவு செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர்கள் எல்லோருடைய சோறும் நம் வீட்டுக் குழாய் மீட்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

சொந்தக்காரர்களிடம் சொன்னாலும் யாருக்கும் புரியவில்லை. "தண்ணி வருது, கரண்டு வருது, வாடகை இல்ல. ஒனக்கு என்னடி கொறை?" என்று உங்கள் பெரியம்மா கேட்டாள். தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னால் சிரித்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு பங்குனி மாதம், டில்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். மையத்துக்கு மேற்கொண்டு நிதி தருவதா நிறுத்துவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். வெள்ளையடித்தோம். புல் வெட்டினோம். தகரப் பலகையை மறுபடி எழுதினோம்.

அந்த வாரம்தான் சின்னவனுக்கு அம்மை போட்டது.

முதலில் காய்ச்சல் என்று நினைத்தோம். மறுநாள் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் நெஞ்செல்லாம் முத்து முத்தாக இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர், "தொத்திக்கும். யாரையும் கிட்ட விடாதீங்க. மாசமா இருக்குறவங்க இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லி மருந்து கொடுத்தார். அம்மா வீட்டுக்கு வந்ததும் வேப்பங்கொத்து ஒடித்து வாசல் நிலையில் செருகினாள். தாளிப்பை நிறுத்தினாள். வேப்பிலை பரப்பி மேலே வெள்ளை வேட்டியை விரித்துச் சின்னவனைப் படுக்கவைத்தாள். தலைமாட்டில் ஜெபமாலையை வைத்தாள்.

"மாதா படத்துக்குக் கீழ வேப்பிலை. பங்குச் சாமியார் பாத்தா என்ன சொல்வாரோ" என்றேன்.

"மாதாவுக்கும் வேப்பிலைக்கும் என்ன சண்டை? ஒங்க வேலையப் பாருங்க."

தலைக்கு ஊற்றுவதற்காக அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்தாள். மாடியில் சூரியத் தகட்டில் காய்ந்த தண்ணீர் குழாயில் வருகிறதே என்றேன். "அது கொழாத் தண்ணி. இது வெயில் தண்ணி" என்றாள். அதற்கு மேல் பேச முடியுமா?

அம்மை வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் தபால்காரர்கூடத் தெருவிலேயே நின்றுவிடுவார். டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சொன்னது அந்தத் தடவைதான். ஆனால் நம் வீட்டுக் கதவு யார் தள்ளினாலும் திறக்கும்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இயக்குநர் வந்தார். வேப்பிலையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே வந்து, திரைக்கு வெளியே நின்று சின்னவனை எட்டிப் பார்த்தார்.

"பையனை ஒரு ரெண்டு மணி நேரம் மோட்டார் ரூம்ல படுக்க வைக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். "அம்மை போட்ட பிள்ளைய எடம் மாத்தக் கூடாது சார்."

"இல்லம்மா, வீட்டைப் பாக்காம அவங்க போனா எல்லாமே போயிரும். இத்தனை பேரு பொழப்பு இருக்கு."

"ஒங்களுக்கு அம்மை போட்டிருக்கா சார் முன்ன?"

"இல்லை."

"அப்ப நீங்களே உள்ள வந்துருக்கக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அந்த வேப்பிலையை மட்டுமாவது எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

யாரும் எடுக்கவில்லை. குழுவைத் தடுத்தால் வேலை போகும். என் வேலை மட்டும் அல்ல. விட்டால், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு கிடக்கிற பிள்ளையைச் சுற்றி அந்நியர்கள் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். மூன்றாவதாக ஒரு வழியும் தெரியவில்லை.

மறுநாள் எனக்கு வெளியே வேலை. குழுவுக்கு மோட்டாரையும் தொட்டிகளையும் காட்ட வேண்டும். சின்னவனைத் தொட்ட கையை டெட்டால் போட்டுக் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனேன். எனக்குச் சிறுவயதிலேயே அம்மை போட்டிருந்தது. எல்லாம் காட்டி முடித்தார்கள். கடைசியில் கூட்டம் நம் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவர்களில் ஓர் இளம் பேராசிரியை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். மாசமா இருக்குறவங்க வரக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

வாசலில் ஒருவர் வேப்பங்கொத்தைக் காட்டி இங்கிலீசில் ஏதோ கேட்டார். இயக்குநர் கொஞ்சமும் யோசிக்காமல், "நேச்சுரல் மஸ்கிட்டோ ரிப்பல்லன்ட்" என்றார். எல்லோரும் "ஓ" என்றார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

இயக்குநர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மறுபடி அழுத்தித் தள்ளினார். ஒரு விரல் அளவு திறந்து, படாரென்று மறுபடி மூடிக்கொண்டது. அந்த ஒரு விரல் இடைவெளியில் உங்கள் அம்மாவின் சேலை எனக்குத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து, காலைக் குறுகிய நடையின் எதிர்ச் சுவரில் உதைத்துக்கொண்டு, முதுகைக் கதவில் கொடுத்திருந்தாள்.

இயக்குநர் திரும்பிச் சிரித்தார். ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது என்று இங்கிலீசில் சொன்னார் போலிருக்கிறது. 'வுட்' என்றது என் காதில் விழுந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. அவர் தோளைக் கொடுத்துத் தள்ளத் தயாரானார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. "தள்ளாதீங்க சார்."

எனக்கு அப்போது யோசனை ஒன்றும் ஓடவில்லை. போய் இயக்குநருக்கும் கதவுக்கும் நடுவில் நின்று, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். உள்ளே அவள் முதுகு, வெளியே என் முதுகு. நடுவில் அந்தப் பழைய கதவு. பலகை வழியாக அவள் மூச்சு வாங்குவது எனக்குத் தெரிந்தது.

"நகருங்க" என்றார் இயக்குநர், தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அந்தப் பேராசிரியையைப் பார்த்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "சிக்கன் பாக்ஸ், மேடம். நோ கம்மிங்" என்றேன்.

குழுவில் வயதானவர் ஒருவர் இருந்தார். ஆந்திராக்காரர். அவர் வேப்பங்கொத்தை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அம்மவாரா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அம்மையைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. "ஆமா சார். பையனுக்கு."

அவர் உடனே பின்னால் நகர்ந்தார். அந்தப் பேராசிரியையின் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பினார். மற்றவர்களிடம் இரண்டே வார்த்தை சொன்னார். எல்லோரும் தூரப் போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார்கள். அவர் மட்டும் போவதற்கு முன்னால் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கார்கள் கிளம்பிப் போன பிறகும் நான் கதவைவிட்டு நகரவில்லை.

"போயிட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"போயிட்டாங்க."

"செத்த நேரம் அப்படியே நில்லுங்க. எனக்குக் கால் மரத்துப்போச்சு."

இயக்குநர் என்னைத் திட்டவில்லை. "உங்கள நம்பியிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கெட்ட நாட்கள். வேலை இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. தோட்டக்காரர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும், "ஏலே, ஒங்க வீட்டுக் கதவு எங்க எல்லாத்தையும் வெளிய தள்ளிரும் போலயே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் கண்ணில் விளையாட்டு இல்லை.

சின்னவனுக்குத் தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்து, கொப்புளம் காய்ந்து உதிர ஆரம்பித்த சமயம். ஒரு நாள் காலையில் இயக்குநரிடமிருந்து போன். குரல் கம்மியிருந்தது.

"எனக்கும் வந்துருச்சு" என்றார்.

அவருக்குக் குடும்பம் வெளியூரில். குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். ஆனால் அவர் இயக்குநர் அல்லவா? பழத்தைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் வருகிறார்கள், கையெழுத்துக்கு ஆபீசிலிருந்து வருகிறார்கள். மேலெல்லாம் எரிகிறது, ஒரு துணியைக்கூடப் போட முடியவில்லை, யாரையும் பார்க்க முடியாது என்றார். "யாரும் உள்ள வராம நீங்க கொஞ்சம் கேட்டுல உக்காந்து பாத்துக்கிறீங்களா?"

போனேன். அம்மா ஒரு தூக்கில் மோரும், ஒரு கொத்து வேப்பிலையும் கொடுத்துவிட்டாள். "அம்மை போட்ட வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது" என்று ஞாபகப்படுத்தினாள். மோரை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வந்து தூக்கை எடுத்துக்கொண்டது. பிறகு கதவு மூடியது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். "ரெண்டே நிமிசம்ணே, ஒரு கும்பிடு மட்டும் போட்டுட்டு வந்துர்றோம்" என்றார்கள் மாணவர்கள். "யாரும் வேணாம்!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பழத்தை என் மடியில் வைத்துவிட்டு ஓடிப்போனார்கள்.

அவருக்குக் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒரு சாயங்காலம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகமெல்லாம் கறுத்த பொட்டுகள். குழுவின் முடிவைச் சொன்னார்: நிதி தொடர்கிறது, வீட்டை மட்டும் பிறகு வந்து பார்ப்பார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தத் தாழ்ப்பாள்..." என்றார். "கமிட்டிக்கெல்லாம் போக வேண்டாம். போட்டுக்கங்க."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"நீங்க தாப்பாளுக்கு உத்தரவு வாங்கிட்டு வந்துருக்கீங்க. நான் வீடு பாத்துட்டு வந்துருக்கேன்" என்றாள்.

அதுதான் இப்போது நாம் இருக்கிற வீடு. மாதா கோயிலுக்குப் பின்னால், சந்துக்குள், ஆள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய இடம். தண்ணீர் வருகிற அன்று தெருவே குடத்தோடு நிற்கிறது. வெயில் காலத்தில் சுவர் கொதிக்கிறது. அந்த மண் வீடு ஜிலுஜிலுவென்று இருக்கும், உண்மையைச் சொல்ல வேண்டும். குடி வந்த அன்று பெரியவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். சின்னவன் வெளியே நின்று தட்டு தட்டென்று தட்டினான். "யாருன்னு கேட்டுட்டுத்தான் தெறப்பேன்" என்றாள்.

காலி செய்கிறோம் என்று சொன்னபோது இயக்குநர் மறுக்கவில்லை. அளவெடுப்பு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று மட்டும் சொன்னார். என் வேலை போகவில்லை. யார் வேலையும் போகவில்லை. நம்மை அந்த வீட்டில் கட்டிப்போட்டிருந்த பயம் அவ்வளவு பெரியது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் உள்ளே இருந்தபோது அது தெரிய வழியில்லை, பிள்ளைகளா.

வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரரை அந்த வீட்டில் குடி வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சின்ன வயதுக்காரர், புதிதாகக் கல்யாணமானவர். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நான் மட்டும் அங்கே போனேன். பரணில் தாழ்ப்பாள் செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்தேன். கதவில் இருந்த வெளுத்த தடத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய ஓட்டைகளோடு பொருந்தவில்லை. கொஞ்சம் கீழே தள்ளி வைத்து முடுக்கினேன். திருகாணி மட்டும் டவுன் கடையில் வாங்கினது. புதுசு.

பிறகு கதவைச் சாத்தி, உள்ளே நின்று, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். வெளியே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நடுக்கூடத்தில் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. எழுந்து, தாழை நீக்கிவிட்டு, மோட்டார் போட வெளியே போனேன்.